உழைக்கிறவர் படுத்துவிட்டால்

புங்குடுதீவு இறுப்பிட்டியில் ஒரு கடற்றொழிலாளி காய்ச்சலில் படுத்தால் அன்று பின்னேரமே அந்த வீட்டுக்குக் காசு வருவது நின்றுவிடும். மாதச் சம்பளக்காரருக்கு மாத முடிவு வரையாவது அவகாசம் உண்டு. கடலில் வலை கட்டி மீன் பிடிக்கும் களங்கண்டியைப் பார்க்கிறவருக்கும், நண்டு வலை போடுகிறவருக்கும், பனை சீவுகிறவருக்கும், மேசன் வேலைக்குப் போகிறவருக்கும் அந்த அவகாசம் இல்லை. நாட்காசில் ஓடும் இப்படியான வீடுகளை மனதில் வைத்துத்தான் இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன். சம்பளத்துக்கு வேலை செய்பவர்களுக்கு வேண்டியதை நடுவில் சுருக்கமாகச் சொல்லியிருக்கிறேன்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். புங்குடுதீவு வைத்தியசாலையோ, ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலையோ, யாழ் போதனா வைத்தியசாலையோ, தெல்லிப்பழையின் புற்றுநோய்ப் பிரிவோ, எதிலும் கட்டிலுக்குக் காசு கேட்க மாட்டார்கள். 2018 முதல் வடக்கிலும் ஓடும், 1990 இலக்கத்தில் கூப்பிடும் சுவசெரிய அம்புலன்ஸும் இலவசம்தான். அப்படியிருந்தும் ஒரு நோயோடு எத்தனையோ குடும்பங்கள் எழும்ப முடியாமல் போகின்றன. வைத்தியச் செலவு அவர்களை விழுத்துவதில்லை. வருமானம் நின்ற முதல் மாதத்தில் ஒருவருக்கும் சொல்லாமல் எடுக்கும் கடனும், அவசரத்தில் விற்கும் தொழில் சாமானும்தான் விழுத்துகின்றன. இந்த இரண்டையும் தடுப்பதுதான் இங்கே நோக்கம்.

முதல் கிழமை: மறைக்காமல் சொல்வது

நோயை மறைப்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். "சும்மா காய்ச்சல்தான், ரெண்டு நாளில எழும்பிடுவார்" என்று வாசலில் வைத்தே பதில் சொல்லி அனுப்பிவிடுவோம். மகளுக்குக் கலியாணம் பேசுகிற வீடாக இருந்தால் இன்னும் இறுக்கமாக மறைப்போம். அந்தக் கூச்சம் எனக்கும் விளங்குகிறது. ஆனால் காசு விஷயத்தில் நான்கு பேரிடம் முதல் கிழமையிலேயே சொல்லிவிட வேண்டும். வருத்தத்தின் பெயரைச் சொல்லத் தேவையில்லை. எத்தனை கிழமை உழைப்பு இருக்காது என்பதை மட்டும் சொன்னால் போதும்.

முதலாமவர் கொப்பியில் சாமான் தரும் கடைக்காரர். "அண்ணை, இவர் ரெண்டு மாதத்துக்குத் தொழிலுக்குப் போகமாட்டார். கிழமைக்குக் கிழமை கொஞ்சமாவது கட்டுவன், மிச்சத்தைத் தொழில் துவங்கின உடன தாறன்" என்று நேரில் போய்ச் சொல்லுங்கள். கடைக்காரருக்கும் கொள்முதல் இருக்கிறது, அவரும் ஒருவருக்குக் கடன்காரர். முன்கூட்டிச் சொன்ன வீட்டுக்கு அவர் ஒரு எல்லை வைத்துத் தருவார். மூன்று கிழமை தலைகாட்டாமல் இருந்துவிட்டுப் போனால் கொப்பி மூடியிருக்கும்.

இரண்டாமவர் சீட்டுப் பிடிப்பவர். கழிவு போனாலும் பரவாயில்லை, சீட்டை முன்கூட்டி எடுக்க முடியுமா என்று கேளுங்கள். எடுத்து முடிந்த சீட்டாக இருந்தால், மிச்சத் தவணைகளை யார் கட்டுவது என்பதை அன்றைக்கே தீர்மானியுங்கள். சீட்டு முறிந்தால் பத்து வீட்டு நம்பிக்கை முறிகிறது, அந்தப் பத்து வீடும் உங்கள் அயல்தான்.

மூன்றாவது, கிழமைக் கடன் எடுத்த பெண்கள் குழு. இதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன். நான்காவது, தொழிலில் உங்களோடு பங்குக்கு நிற்பவர்.

கோயில் உபயம், கலியாண வீட்டு அன்பளிப்பு, அந்தியேட்டிச் செலவு ஆகியவை நோயாளி வீட்டிலும் நிற்காமல் வந்துகொண்டிருக்கும். உபயத்தை ஒரு வருடத்துக்குச் சகோதரர் ஒருவரிடம் மாற்றிக் கொடுங்கள். திருவிழாவுக்கு ஒரு மாதம் முன்னர் சொன்னால் கோயில் பரிபாலன சபைக்கு இடைஞ்சல் இல்லை. கடன்பட்டு உபயம் செய்யவேண்டும் என்று எந்தச் சாமியும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் எழுதப்படும் கடதாசி

பிற்காலத்தில் எந்த உதவியைக் கேட்டாலும் முதலில் பார்ப்பது ஆஸ்பத்திரிக் கடதாசியைத்தான். துண்டு வெட்டி வீட்டுக்கு விடும்போது தரும் நோய் நிர்ணய அட்டை, கிளினிக் கொப்பி, வெளியில் வாங்கச் சொல்லி எழுதித் தந்த மருந்துத் துண்டு, அதற்கான கடை பில், ஸ்கான் அறிக்கை எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு போட்டோப் பிரதி எடுத்து, ஒரு தொகுதியை வேறொரு வீட்டில் கொடுத்து வையுங்கள். நோய் நிர்ணய அட்டை தொலைந்து, மறுபிரதி எடுக்க யாழ்ப்பாணத்துக்குத் திரும்பத் திரும்ப பஸ் ஏறியவர்கள் இந்தத் தீவில் நிறைய. துண்டு வெட்டுகிற அன்றே டொக்டரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "எவ்வளவு காலம் பாரமான வேலை செய்யக்கூடாது? அதையும் எழுதித் தருவீங்களோ?" அந்த ஒற்றை வரி பிரதேச செயலகத்திலும் வேலைத்தலத்திலும் வங்கியிலும் உங்களுக்காகப் பேசும்.

வேலைத்தலத்தில் காயப்பட்டவர்களுக்கு இன்னும் முக்கியமான ஒரு விஷயம். சாரத்திலிருந்து விழுந்த மேசனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறவர்கள், ஒப்பந்தக்காரருக்குச் சிக்கல் வரக்கூடாது என்று "வீட்டில தவறி விழுந்தவர்" என்று சொல்லிவிடுகிறார்கள். அனுமதிக்கும் துண்டில் அப்படியே எழுதப்படுகிறது. வேலையின்போது, வேலை காரணமாக நேர்ந்த விபத்துக்கு வேலை கொடுத்தவர் நட்டஈடு கொடுக்கவேண்டும் என்று 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. வீட்டில் விழுந்தவருக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. எங்கே, எந்த வேலையில், எப்படி விழுந்தது என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். ஒப்பந்தக்காரர் நல்ல மனிதராக இருக்கலாம், முதல் நாள் ஆஸ்பத்திரிக்குச் சோறும் கொண்டுவரலாம். மூன்றாம் மாதமும் அவர் வருவார் என்று நம்பி உங்கள் உரிமையை எழுத்தில் இழக்கவேண்டாம்.

போக்குவரத்தும் ஒரு செலவு. குறிகட்டுவான் பஸ்ஸில் ஏறி, வாணர் பாலம், வேலணை, பண்ணைப் பாலம் கடந்து யாழ்ப்பாணம் போய்வந்தால் ஒரு முழு நாள் போய்விடும். நோயாளியோடு போகிறவரின் நாட்காசும் அன்று இல்லை. ஒருவர் படுத்தால் இரண்டு பேருடைய உழைப்பு நிற்பது இப்படித்தான், பல குடும்பங்கள் இரண்டாவது இழப்பைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. நிலைமை சீரான பிறகு, மருந்தைத் தொடர்ந்து புங்குடுதீவிலோ ஊர்காவற்றுறையிலோ எடுக்கலாமா என்று கிளினிக்கில் கேளுங்கள். அதற்கு ஒரு மாற்றல் கடிதம் போதும். வார்டில் நிற்க உறவினருக்குள் முறை வையுங்கள். மனைவி பத்து நாளும் தானே நின்றால் ஆடு மாடும் பிள்ளைகளும் அவளுடைய சிறு உழைப்பும் ஒன்றாகக் குலையும்.

வெளியில் வாங்கும் மருந்துக்கு, கம்பனிப் பெயரில்லாமல் மருந்தின் மூலப் பெயரை எழுதித் தரும்படி கேளுங்கள். அரச மருந்தகக் கூட்டுத்தாபனத்தின் ஒசுசல கடைகளில் அதே மருந்து பெரும்பாலும் குறைந்த விலையில் கிடைக்கும். பேராசிரியர் சேனக பிபிலே 1971இல் அந்தக் கூட்டுத்தாபனத்தை உருவாக்கப் பாடுபட்டதன் பயன் இது, கூச்சப்படாமல் பயன்படுத்துங்கள்.

கிழமைக் கணக்கு

பதறுகிற வீடு "எல்லாம் போச்சுது" என்று கணக்குப் போடும். உண்மையான பள்ளம் எவ்வளவு என்று எழுதிப் பார்த்தால் அது பெரும்பாலும் பயந்ததைவிடச் சிறியதாக இருக்கும். மாதக் கணக்கு இங்கே உதவாது, காசு கிழமையில்தான் புரள்கிறது. மூன்று மாதம் என்றால் பதின்மூன்று கிழமை.

எடுத்துக்காட்டாக ஒரு வீட்டை எடுப்போம். சாப்பாடு, மண்ணெண்ணெய், மின்சாரம், தண்ணீர், பிள்ளைகளின் செலவு, ஆஸ்பத்திரிப் பயணம் எல்லாம் சேர்த்து, சுருக்கினால் கிழமைக்கு 9,000 ரூபா. பதின்மூன்று கிழமைக்கு 117,000. வரவுப் பக்கத்தில் மனைவி தையலிலும் முட்டையிலும் உழைக்கும் கிழமைக்கு 3,000 ரூபா, அதாவது மொத்தம் 39,000. எடுக்கக்கூடிய சீட்டு 25,000. சகோதரர் தருவதாகச் சொன்னது 30,000. ஆக 94,000. பள்ளம் 23,000 ரூபா. அதை ஒரு மெல்லிய சங்கிலியின் அடகு நிரப்பும். இந்தக் கணக்கை எழுதாத வீடு வெளியிணைப்பு இஞ்சினை விற்கும் அல்லது ஒன்றரை லட்சம் கடன் எடுக்கும். எழுதும் கொப்பியில் சாப்பாட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் வெவ்வேறு பக்கம் வையுங்கள். கலந்துவிட்டால் எது கூடியது என்று தெரியாது.

எதைக் குறைப்பது? எங்கள் தீவில் தண்ணீர் ஒரு செலவு. கிணறுகள் உவர், குடிநீருக்கு பவுசரையும் வேலணைச் சாட்டித் தண்ணீரையும் பார்த்திருக்கிறோம். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் நல்ல தண்ணீரை வைத்துக்கொண்டு மற்றதற்கெல்லாம் கிணற்றைப் பயன்படுத்துங்கள். போன் பக்கேஜை ஒரு போனுக்கு ஆக்குங்கள். டியூஷன் வாத்தியாரிடம் இரண்டு மாதத் தவணை கேளுங்கள், பெரும்பாலானவர்கள் மறுக்கமாட்டார்கள். பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து மறித்துக் கடலுக்கோ கடைக்கோ அனுப்புவதை மட்டும் செய்யவேண்டாம். அதில் வரும் சில ஆயிரம் ரூபாவுக்காகப் பிள்ளையின் பரீட்சை வருடம் போய்விடும், நோய் மாறிய பின்னும் அந்த வருடம் வராது.

நோயாளியின் சாப்பாட்டைக் குறைக்கக்கூடாது. செலவில்லாத சத்து இங்கே முற்றத்தில் இருக்கிறது: முருங்கை இலை, பப்பாசி, கோழி முட்டை, சிறுகடல் மீன். ஒடியல் மாக் கூழில் மீனும் பயற்றங்காயும் மரவள்ளியும் போட்டால் ஒரு நேரச் சாப்பாடு முழுக் குடும்பத்துக்கும் முடிந்துவிடும். சலரோகமோ சிறுநீரக வருத்தமோ உள்ளவருக்கு மட்டும் எது ஆகும், எது ஆகாது என்று கிளினிக்கில் கேட்டுக் கொடுங்கள்.

ஆள் படுத்தாலும் தொழில் படுக்கக்கூடாது

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு பகுதியை நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். உழைக்கிறவர் படுத்துவிட்டார் என்பதற்காக வள்ளமும் வலையும் மரமும் படுக்கவேண்டியதில்லை. அவற்றுக்கும் ஒரு பங்கு உண்டு.

கடற்றொழிலில் பங்கு முறை பழசு. பிடிபாட்டில் எண்ணெய்ச் செலவைக் கழித்து வள்ளத்துக்கு ஒன்று, வலைக்கு ஒன்று, ஆட்களுக்கு இத்தனை என்று பிரிக்கிறோம். ஆள் பங்கு இல்லாமற் போனாலும் வள்ளப் பங்கும் வலைப் பங்கும் உங்களுடையவை. நம்பிக்கையான ஒருவரிடம், முடிந்தால் உங்களோடு ஏற்கெனவே கடலுக்கு வந்தவரிடம், பங்குக்கு விடுங்கள். எண்ணெய் யாருடையது, வலை கிழிந்தால் யார் பார்ப்பது, இஞ்சின் பழுதானால் எந்த அளவுக்கு மேல் இருவரும் சேர்ந்து கட்டுவது என்ற மூன்றையும் கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் முன்னிலையில் பேசி ஒரு கொப்பியில் எழுதிக் கையொப்பம் வையுங்கள். தம்பி முறையானவராக இருந்தாலும் எழுதுங்கள், எழுதினால் உறவும் காக்கப்படும். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ஆக ஒரே நாளில் ஏறியபோது, வாய்ப்பேச்சில் நடந்த எத்தனையோ பங்குகள் சண்டையில் முடிந்தன.

களங்கண்டியும் அப்படித்தான். கட்டிய களங்கண்டியைப் பார்க்காமல் விட்டால் பாசி அடைந்து, வலை கெட்டு, திரும்பக் கட்ட இரட்டிப்புச் செலவாகும். பிடிபாட்டில் பாதியை விட்டுக்கொடுத்தாவது அதைப் பார்க்க ஆள் வையுங்கள்.

பனை சீவுகிறவர் நிலை இதைவிட நெருக்கடியானது. பாளையை ஒவ்வொரு நாளும் சீவவேண்டும். சில நாள் விட்டால் பாளை காய்ந்து அந்தப் பருவமே போய்விடும். சீவல் காலத்தில் ஒரு மாதம் படுப்பது மற்றத் தொழிலில் பல மாதம் படுப்பதற்குச் சமம். படுத்த அன்று பின்னேரமே பக்கத்து மரங்களில் சீவுகிற ஒருவரிடம் மரங்களை ஒப்படையுங்கள், பங்கை ஆறுதலாகப் பேசலாம். பிறகு பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போய், உங்கள் பெயரில் கிடக்கும் சேமிப்பு எவ்வளவு, அங்கத்தவர் நலநிதியில் நோய்க்கும் விபத்துக்கும் என்ன உண்டு என்று கேளுங்கள். 1970களின் தொடக்கத்தில் தவறணைக் குத்தகைகளின் இடத்தில் இந்தச் சங்கங்கள் வந்ததே சீவுகிறவர் கையில் காசு சேரவேண்டும் என்பதற்காகத்தான். கள்ளுக் காசில் கழித்து வைத்த சேமிப்பை மறந்துவிட்டு வெளியில் வட்டிக்கு எடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

விற்கவேண்டிய கட்டம் வந்தால் ஒரு ஒழுங்கை வைத்துக்கொள்ளுங்கள். முதலில் உழைக்காத பொருட்கள்: பாவிக்காத சைக்கிள், தேக்கு அலுமாரி, மிஞ்சிய கூரைத் தகரம். அடுத்து கிடாய் ஆடு. நகையை விற்காமல் அடகு வையுங்கள். பால் தரும் மாடு, தையல் மெஷின், வலை, இஞ்சின் ஆகிய உழைக்கும் பொருட்களில் கடைசி வரை கை வைக்கவேண்டாம். அவற்றை விற்றவர் நோய் மாறி எழும்பினாலும் இன்னொருவரின் கூலியாகத்தான் எழும்புவார்.

கந்தோர்களில் கேட்கவேண்டியவை

முதலில் விதானையாரிடம், அதாவது கிராம அலுவலரிடம், வருமானம் நின்றதைப் பதிவு செய்யுங்கள். பிறகு வேலணைப் பிரதேச செயலகம். அங்கே ஒரே நாளில் மூன்று மேசைகளுக்குப் போகலாம், ஒன்றாகத் திட்டமிட்டால் பஸ் காசு மிஞ்சும்.

அஸ்வெசும மேசை முதலாவது. 2023 யூலையில் சமுர்த்திக் கொடுப்பனவுக்குப் பதிலாக வந்த இந்தத் திட்டம் 22 சுட்டிகளை வைத்துக் குடும்பங்களைத் தெரிகிறது. வீட்டில் நாட்பட்ட நோயாளியோ வலுவிழந்தவரோ இருப்பதும் அதில் கணக்கில் வரும். 2025 முதல் மிக வறிய குடும்பத்துக்கு மாதம் 17,500 ரூபாவும் வறிய குடும்பத்துக்கு 10,000 ரூபாவும் கொடுக்கிறார்கள். சிறுநீரக நோயாளருக்கும் வலுவிழந்தவருக்கும் தனிக் கொடுப்பனவு உண்டு. முன்னர் விண்ணப்பித்துத் தள்ளுபடி ஆனவர்கள், நிலைமை மாறிவிட்டது என்று ஆஸ்பத்திரிக் கடதாசியோடு மீண்டும் கேட்கவேண்டும். இது நாளைக்கே வரும் காசு இல்லை. ஆகவே கிழமைக் கணக்கில் இதைச் சேர்க்காதீர்கள், வந்தால் கடையின் கொப்பிக்குப் போகட்டும்.

இரண்டாவது சமூக சேவை உத்தியோகத்தர். பொதுசன மாதாந்த உதவி இங்கேதான். ஊரில் இதைப் பிச்சைச் சம்பளம் என்று சொல்லிப் பழகிவிட்டதால், தகுதியுள்ள பலர் கேட்கவே வெட்கப்படுகிறார்கள். நாங்கள் வாங்கும் ஒவ்வொரு பக்கற் பால்மாவிலும் மண்ணெண்ணெயிலும் வரி கட்டுகிறோம், அந்த வரியிலிருந்து வருவது இது. காசநோய், தொழுநோய், புற்றுநோய் போன்ற நீண்ட வருத்தங்களுக்கென்று சமூக சேவைத் திணைக்களத்தின் நோயுதவியும் இருக்கிறது. காசநோய்க்கு இதை வலியுறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் அதற்கு ஆறு மாதம் மருந்து எடுக்கவேண்டும். காசில்லை என்று இரண்டாம் மாதத்தில் கடலுக்குப் போய் மருந்தைக் குழப்பினால் வருத்தம் மருந்துக்கு அடங்காததாகத் திரும்பும்.

மூன்றாவது ஜனாதிபதி நிதியம். இருதயச் சத்திரசிகிச்சை, சிறுநீரக மாற்று, புற்றுநோய் போன்ற பெரிய சிகிச்சைகளுக்கு உதவும் இந்த நிதியத்துக்கு முன்பெல்லாம் கொழும்புக்கு ஓடவேண்டியிருந்தது. 2025 பெப்ரவரியிலிருந்து பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பம் கொடுக்கலாம். டொக்டர் திகதி குறித்தவுடன், சிகிச்சைக்கு முன்னரே கேளுங்கள்.

யாழ்ப்பாணம் போய்ச் சம்பளத்துக்கு வேலை செய்பவர்களுக்கு

எங்கள் பிள்ளைகள் பலர் பட்டணத்துப் புடைவைக் கடைகளிலும் பார்மசிகளிலும் வேலை செய்கிறார்கள். 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டத்தின்படி இரண்டாம் வருடத்திலிருந்து வருடத்துக்கு 7 நாள் சமயோசித விடுமுறையும் 14 நாள் வருடாந்த விடுமுறையும் சம்பளத்தோடு உண்டு. முதல் வருடத்தில் இரண்டு மாதத்துக்கு ஒரு நாள் என்ற கணக்கில் சமயோசித விடுமுறை சேரும். சுகவீனத்துக்கு அதை எடுக்கலாம். "வராத நாளுக்குச் சம்பளம் இல்லை" என்று ஒரேயடியாகச் சொல்கிற முதலாளியிடம் இந்தச் சட்டத்தின் பெயரைச் சொல்லுங்கள், பிறகும் மறுத்தால் தொழில் திணைக்களத்தின் யாழ்ப்பாணக் கந்தோர் இருக்கிறது. பதினைந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமென்றால், ஆறு மாதத்துக்கு மேல் வேலை செய்தவரை, ஒழுக்கக் குற்றம் தவிர்ந்த காரணத்துக்கு, அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ இல்லாமல் நிறுத்த முடியாது. 1971ஆம் ஆண்டுச் சட்டம் அது. ஆகவே நோயில் கிடக்கும்போது "விலகிக்கொள்கிறேன்" என்று எந்தத் துண்டிலும் கையொப்பம் வைக்கவேண்டாம்.

ஊழியர் சேமலாப நிதியில் பத்து வருடத்துக்கு மேல் கட்டியிருந்து மீதி 300,000 ரூபாவுக்குக் குறையாமல் இருந்தால், வைத்தியத் தேவைக்கு அதில் 30 வீதம் வரை ஓய்வுக்கு முன்னரே எடுக்கலாம். முதுமைக்கு வைத்த காசு என்பதால் வேறு வழி பார்த்த பிறகு இதற்குப் போங்கள். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி வேறு. அதில் சில சத்திரசிகிச்சைகளுக்கும் நிரந்தர அங்கவீனத்துக்கும் தனி உதவிகள் உண்டு, அவை சேமிப்பைக் குறைப்பதில்லை. அதை முதலில் கேளுங்கள்.

கடன்

எடுக்கவேண்டிய கடனுக்கு நல்லதிலிருந்து கெட்டது வரை ஒரு வரிசை உண்டு: சகோதரர், சிக்கன கடனுதவுச் சங்கம், பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் கிராமிய வங்கி அல்லது அரச வங்கியின் நகை அடகு, பிறகு நிதிக் கம்பனி. மீற்றர் வட்டி இந்த வரிசையிலேயே இல்லை. மாதம் பத்து வீதம் என்று 50,000 ரூபா எடுத்தால் மூன்று மாதத்தில் வட்டியாக மட்டும் 15,000 போகும், முதல் அப்படியே நிற்கும். படுத்திருப்பவரால் அந்த ஓட்டத்தைப் பிடிக்க முடியாது.

அடகுச் சீட்டில் தவணைத் திகதி இருக்கும். அதைக் கலண்டரில் சிவப்பால் வட்டமிடுங்கள். அன்றைக்கு மீட்க முடியாவிட்டாலும் வட்டியைக் கட்டித் திருப்பி வைத்தால் நகை ஏலத்துக்குப் போகாது. தேவையான தொகைக்கு மட்டும் வையுங்கள். "இன்னும் கூடத் தரலாம்" என்று கவுண்டரில் சொன்னாலும் 23,000 பள்ளத்துக்கு 23,000தான்.

கிழமைக் கடன் எங்கள் பெண்களை எவ்வளவு வாட்டியது என்று ஊரறியும். ஒருவர் கட்டாவிட்டால் குழுவிலுள்ள மற்றவர்கள் கட்டவேண்டும் என்பதால், கணவன் வார்டில் கிடக்கும்போதும் மனைவி கட்டுக்காசுக்கு இன்னொரு கடன் எடுத்தாள். 2018இல் அரசாங்கம் வட்டிக்கு 35 வீத உச்சவரம்பு வைத்ததும், வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் ஒரு லட்சத்துக்கு உட்பட்ட கடன்களுக்கு நிவாரணம் அறிவித்ததும் அந்த அழுகைக்குப் பிறகுதான். கட்டுக்காசு தவறப்போகிறது என்றால், தவறுவதற்கு முன்னரே குழுவைக் கூட்டிச் சொல்லுங்கள். கடன் தந்த கம்பனிக்கு ஆஸ்பத்திரிக் கடதாசியின் பிரதியோடு, இத்தனை மாதத்துக்கு வட்டி மட்டும் கட்டுகிறேன், தவணையை நீட்டித் தாருங்கள் என்று எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒரு பிரதியில் கையொப்பமும் வாங்குங்கள். வங்கிக் கடனுக்கும் லீசிங்குக்கும் இதே கடிதம்தான். பதில் வராவிட்டால் அல்லது இரவில் வீட்டுக்கு வந்து மிரட்டினால் மத்திய வங்கியின் 1935 இலக்கத்துக்கு எடுங்கள். அனுமதி பெற்ற நிறுவனங்களை அவர்கள் விசாரிப்பார்கள். ஒரு கடனை அடைக்க இன்னொரு கிழமைக் கடன் மட்டும் வேண்டாம்.

வெளிநாட்டுக்கு எடுக்கும் போன்

1991இல் போரால் தீவு வெறிச்சோடிய பிறகு புங்குடுதீவுக் குடும்பம் என்றால் பாதி சுவிஸிலும் பிரான்சிலும் கனடாவிலும் லண்டனிலும்தான். உதவி கேட்பது தவறில்லை. எப்படிக் கேட்பது என்பதில்தான் கவனம் வேண்டும். "அண்ணா, காசு அனுப்புங்கோ" என்று கேட்டால், அங்கே அவர் எவ்வளவு, எவ்வளவு காலத்துக்கு என்று தெரியாமல் தவிப்பார். கிழமைக் கணக்கைப் படமெடுத்து அனுப்பி, "பள்ளம் இவ்வளவு, மூன்று மாதத்துக்கு மாதம் பத்தாயிரம் ஏலுமோ?" என்று கேளுங்கள். அண்ணனுக்கும் அண்ணிக்கும் அதைப் பேசித் தீர்மானிக்க முடியும். ஒருவரிடமே முழுவதையும் கேட்காமல் மூன்று பேரிடம் பிரித்துக் கேட்டால் ஒருவர் வீட்டிலும் சண்டை வராது.

அங்கேயும் ஆட்கள் படுக்கிறார்கள் என்பதை நாங்கள் மறந்துவிடுகிறோம். பிரான்சில் சுகவீன விடுப்பில் நிற்பவருக்குச் சமூகக் காப்புறுதி தருவது அடிப்படைச் சம்பளத்தின் பாதியளவு, அதுவும் முதல் மூன்று நாள் கழித்து. கனடாவில் வேலைக் காப்புறுதியின் சுகவீனக் கொடுப்பனவு 55 வீதம், 2022 டிசம்பர் முதல் 26 கிழமை வரை. சுவிஸில் முதல் வருட வேலையில் மூன்று கிழமைச் சம்பளம்தான் சட்டத்தின் குறைந்தபட்ச உறுதி, அதற்கு மேல் முதலாளி காப்புறுதி எடுத்திருந்தால் உண்டு. றெஸ்டோரண்ட் குசினியில் நின்று உழைக்கிற தம்பி நாரி நோவால் படுத்தால் அவருடைய வீட்டு வாடகையே தள்ளாடும். இந்த மாதம் அனுப்பவில்லை என்றால் காரணம் கேட்காமல் முதலில் சுகம் கேளுங்கள்.

ஊர்ச் சங்கங்களின் வைத்திய உதவிக்குக் கடிதம் எழுதும்போது நோயாளியின் படத்தை முகநூலில் போட அனுமதிக்கிறீர்களா இல்லையா என்பதைக் கடிதத்திலேயே எழுதுங்கள். உதவி வாங்குகிறவருக்கும் மானம் உண்டு. படம் வேண்டாம் என்று சொன்னால் நல்ல சங்கங்கள் கேட்கும்.

திரும்பத் தொழிலுக்கு

டொக்டர் சொன்ன திகதிக்கு முன்னர் கடலுக்கு இறங்காதீர்கள். ஏர்ணியா சத்திரசிகிச்சை செய்தவர் மூன்றாம் கிழமை இஞ்சின் தூக்கினால் மறுபடியும் வார்டுக்குத்தான் போவார், இரண்டாவது முறை கடைக்காரரிடமும் சகோதரரிடமும் கேட்பது கடினம். இடையில் கரையிலிருந்து செய்யும் வேலைகளில் தொடங்கலாம்: வலை பொத்துதல், நண்டு கழற்றுதல், சங்கக் கணக்கு எழுதுதல். பங்குக்கு விட்ட வள்ளத்தை ஒரேயடியாகத் திருப்பி எடுக்காமல் முதல் மாதம் அவரோடு சேர்ந்து போங்கள். பாரம் தூக்க ஒரு ஆள் இருக்கும், உங்கள் ஆள் பங்கும் வரத் தொடங்கும்.

வரத் தொடங்கும் காசில் முதலில் கடைக் கொப்பியை முடியுங்கள், அடுத்து சீட்டும் குழுக் கட்டுக்காசும், அதற்குப் பிறகு அடகு. சங்கிலியை மீட்க மனைவி ஆசைப்படுவது நியாயம்தான். ஆனால் தவணைத் திகதிக்கு இன்னும் மாதங்கள் இருக்கிறதென்றால் அது வங்கியில் பத்திரமாக இருக்கும். வார்டில் நின்றவர்கள், கிளினிக்குக்குத் துணைக்கு வந்தவர்கள், வள்ளம் பார்த்தவர் ஆகியோரின் பெயர்களையும் அதே கொப்பியில் எழுதி வையுங்கள். அவர்கள் வீட்டில் ஒருவர் படுக்கும்போது வார்டு முறையில் உங்கள் பெயர் முதலில் இருக்கட்டும்.